அந்தப் போட்டோவில் இருந்தது வைன் இல்லை



பாடசாலைச் சுற்றுலாப் படங்களில் ஒன்று இரண்டு நாளாகப் பலரின் போனில் சுற்றுகிறது. நாங்கள் மூன்று ஆசிரியர்களும் கையில் சின்னக் கிளாஸோடு நிற்கிறோம். உள்ளே கடும் ஊதா நிறத்தில் ஏதோ இருக்கிறது. பின்னால் ராக்கையில் போத்தல்கள். "சேர்மார் வைன் ருசி பார்க்கப் போனாங்களாமே" என்று சிலர் நேரில் கேட்டீர்கள். சிலர் கேட்காமலே முடிவெடுத்தீர்கள். விளக்கம் எழுதாமல் படத்தைப் போட்டது எங்கள் பிழைதான். அதனால் நடந்ததை எழுதுகிறோம்.

முல்லைத்தீவிலிருந்து விடிய வானில் புறப்பட்டோம். ஆசிரியர்கள் பதினொரு பேர். அதில் முஸ்லிம்கள் நாங்கள் மூவர். லுஹரை ஐந்துசந்திப் பக்கம் தொழுதுவிட்டு வந்தபோது, கத்தோலிக்க ரீச்சர் ஒருவர் யாழ்ப்பாணம் பிரதான வீதியில் உள்ள செபமாலைத் தாசியர் கன்னியர் மடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னார். நத்தாருக்கு வைன் வாங்க வேண்டுமாம்.

அந்தச் சபை 1928இல் தோலகட்டியில் தோமஸ் அடிகளார் ஆரம்பித்தது. செபமும் மௌனமும் கைத்தொழிலுமாக வாழும் துறவிகள் அவர்கள். யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பழத்தில் கறுவா, கராம்பு சேர்த்து ஒரு இனிப்பு வைன் செய்கிறார்கள். பெரிய தொழிற்சாலை எதுவும் கிடையாது, சிறிய அளவில்தான். அதே இடத்தில் போதையில்லாத முந்திரிகைச் சாறும், நெல்லி ரசமும் விற்பனைக்கு உண்டு. நெல்லி ரசத்தை நோன்பு காலத்தில் உங்களில் பலரும் வாங்கிக் குடித்திருப்பீர்கள்.

உள்ளே போனதும் சிஸ்டர் ருசி பார்க்கச் சின்னக் கிளாஸ்களை அடுக்கினார். நாங்கள் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றோம். அதற்குள் எங்கள் பகுதித் தலைவர், வயதில் மூத்த சைவ ஆசிரியர், முந்திக்கொண்டார். "சிஸ்டர், இவை மூன்று பேருக்கும் வைன் வேண்டாம். சாறு குடுங்கோ. கிளாஸும் வேறையாக் கழுவித் தாங்கோ." சிஸ்டர் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் வேறு கிளாஸ் கொண்டுவந்தார். சாற்றுப் போத்தலைத் திருப்பி, லேபிளை வாசிக்கவும் சொன்னார்.

மது பரிமாறும் இடத்தில் அமரக் கூடாது என்ற நபிமொழி எங்களுக்கும் தெரியும். நாங்கள் சாற்றை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்துவிட்டோம். மற்றவர்கள் உள்ளே ருசி பார்த்தார்கள். இரண்டு நிமிடத்தில் அந்த மூத்த சேரும் வெளியே வந்து எங்களோடு நின்றார். "நானும் குடிக்கிறேல்ல, எனக்கும் சாறுதான்" என்றார். படம் எடுத்தது அவர்தான்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், முந்திரிகை ஹலால், அதே பழத்து வைன் மட்டும் ஏன் ஹராம்?" நல்ல கேள்வி. நாங்கள் பனையைக் காட்டினோம். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. தடவாமல் விட்டால் கள்ளு. மரமும் பாளையும் ஒன்றுதான். மதுவம் என்ற நுண்ணங்கி சீனியை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. சுண்ணாம்பு அந்த வேலையைத் தடுக்கிறது. சாற்றுப் போத்தலிலும் அந்த வேலை நடக்க விடுவதில்லை.

பேரீச்சையிலிருந்தும் முந்திரிகையிலிருந்தும் மனிதர் போதையையும் எடுக்கிறார்கள், நல்ல உணவையும் எடுக்கிறார்கள் என்ற கருத்து சூரா அந்நஹ்ல் 67ஆம் வசனத்தில் வருகிறது. பிறகு அல்மாயிதா 90இல் போதை முற்றாகத் தடுக்கப்பட்டது. நபிகளார் (ஸல்) அவர்களுக்கு உலர்ந்த முந்திரிகையைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். மூன்றாம் நாள் மாலைக்குப் பிறகு மிஞ்சியதை அவர்கள் அருந்துவதில்லை என்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பழத்தில் குற்றம் இல்லை. அதை எதுவாக மாறவிடுகிறோம் என்பதுதான் கேள்வி. கசிப்பால் தகப்பனை இழந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். தடை ஏன் என்று அவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

"அப்படியானால் அந்த இடத்துக்கே போகாமல் வானில் இருந்திருக்கலாமே" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவரது கவலையை மதிக்கிறோம். இருந்திருக்கலாம்தான்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து 70,000க்கும் அதிகமான எங்கள் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். எங்களில் இருவர் புத்தளத்தில் பிறந்தவர்கள். உம்மா வாப்பா சொல்லித்தான் நீராவிப்பிட்டியைத் தெரியும். திரும்பி வந்தபோது வளவில் காடு நின்றது. காட்டை வெட்டினோம். பக்கத்து மனிதரோடு பழக்கம் வர அதைவிடக் கூடுதல் காலம் எடுத்தது. ஸ்டாஃப் ரூமில் முதல் வருடம் நாங்கள் ஒரு மூலையில், அவர்கள் ஒரு மூலையில். இன்று, நாங்கள் வாய் திறக்க முன்னரே எங்கள் ஹலாலுக்காக இன்னொருவர் பேசுகிறார். ஒவ்வொரு தடவையும் வானுக்குள்ளேயே இருந்திருந்தால் அவருக்கு எங்களைத் தெரிந்திருக்குமா?

மதுவைத் தொடவில்லை, தொடவும் மாட்டோம், இன்ஷா அல்லாஹ். நண்பர்களை விட்டும் விலக மாட்டோம். இரண்டும் சேர்ந்து முடியும் என்று அந்த வாசலில் நின்றபோது எங்களுக்கு விளங்கியது.

இனிமேல் படம் போட்டால் விளக்கமும் போடுவோம். நீங்களும் சந்தேகம் வந்தால் முதலில் எங்களிடம் கேளுங்கள்.

நெல்லி ரசம் இரண்டு போத்தல் வாங்கி வந்தோம். ஒன்று இன்னும் உடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுப் பக்கம் வாங்கோ, கரைத்துத் தருகிறோம். லேபிளையும் வாசிக்கலாம்.