பாலைவனத்தில் ஒரு கூடாரம்

சுவரில் பல்லி கத்தினாலே 'கிருஷ்ணா, கிருஷ்ணா' என்று தரையைத் தட்டுகிறவள் நான். மேலே விழுந்துவிட்டாலோ பஞ்சாங்கத்தில் பலன் பார்க்காமல் காபிகூட இறங்காது. அப்புறம் விளக்குமாறும் கையுமாக அதைத் துரத்துவேன். அப்படிப்பட்டவளைப் பல்லியும் பாம்பும் பார்க்கவென்றே அழைத்துப் போனாள் என் பெண்!

அமெரிக்காவில், அரிசோனாவின் டூசான் நகரில் அவள் குடித்தனம். ஊருக்கு மேற்கே காரில் அரைமணி போனால் டூசான் மலைப் பூங்கா. பாலைவனம் என்றதும் மணல்மேட்டை நினைத்துப் போனேன். அங்கேயோ நெடுநெடுவென்று சவாரோ கள்ளிகள், கல், புதர்! குளிர்காலமெல்லாம் வளையில் கிடந்த பிராணிகள் ஏப்ரல் வெயிலுக்கு வெளியே வருமாம்.

கூடாரத்துக்கென விட்டிருந்த இடங்களைச் சுற்றி வந்தோம். பாய் விரித்தாற்போல் மணல் கிடந்த ஓரிடத்தைக் காட்டினேன்.

"ஐயோ அம்மா, அது வறண்ட ஓடை! எங்கோ மலையில் மழை பெய்தால் இங்கே திடீர்னு வெள்ளம் வந்துடும்."

ஓடைக்கரைதான் பிராணிகள் நடமாடும் இடம். அதனால் அதற்கு நடந்து போகும் தூரத்தில், மேடான இடம் பார்த்தாள். கற்குவியலும் எலிவளையும் பக்கத்தில் இல்லை, கழிப்பறை கிட்டத்தில். குழந்தையோடு போகிறவர்கள் இதையெல்லாம் கவனிக்க வேண்டாமா? சிந்திய சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும் என்று சாப்பாட்டை டப்பாவில் மூடிக் காரில் வைத்தோம். செருப்பு கூடாரத்துக்குள், காலையில் உதறித்தான் போடணும். கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், உடனே ஆஸ்பத்திரி.

விடிந்ததும் ஓடைக்கரையில் அதைப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு முழம் நீளம். உடம்பெல்லாம் கறுப்பும் ஆரஞ்சுமாக மணி கோத்தாற்போல! ஹீலா மான்ஸ்டர் என்ற விஷப்பல்லி. வெலவெலத்துப் போனேன்.

"உன்னை மாதிரி சர்க்கரைக்காரர்களுக்கு உதவின பல்லிம்மா இது" என்றாள் பெண். அதன் விஷத்தில் 1992ல் கண்ட ஒரு பொருளை வைத்துச் செய்த எக்ஸெனடைட் என்ற ஊசி மருந்துக்கு 2005ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததாம்.

திரும்பும்போது பாதையோரம் ஓர் ஆமை. ஏழு வயதுப் பேரன் தூக்க ஓடினான். "தொடாதே!" என்று இவள் போட்ட சத்தத்தில் நானே பயந்துவிட்டேன்.

மழையில் குடித்த தண்ணீரை ஆமை மூத்திரப் பையில் சேமித்து வைத்திருக்குமாம். பயந்தால் கொட்டிவிடும். அடுத்த மழை ஜூலையில்தான். அதுவரை தாங்காமல் செத்தும் போகலாம்.

கோடையில் குடம் தண்ணீருக்குத் தெருக்குழாயில் கால்கடுக்க நின்றவள் நான். அந்தக் குடத்தை ஒருவர் விளையாட்டாகக் கவிழ்த்தால் எப்படியிருக்கும்? பேரன் கையைப் பிடித்துக்கொண்டேன். பத்தடி தள்ளி நின்று, அது மெள்ளப் புதருக்குள் போகும்வரை பார்த்தோம்.

ஊர் திரும்பிய அன்று பல்லி கத்தியது. தரையைத் தட்டினேன், பழக்கம் விடுமா? விளக்குமாற்றை மட்டும் எடுக்கவில்லை.