வாசல் திறந்தே இருக்கட்டும்

பிள்ளை நோயுற்றால் ஊரார் வந்து நலம் விசாரிப்பர். வேலை கிடைக்காவிடில் அன்பியக் கூட்டத்தில் அவனுக்காக மன்றாட்டு எழும். ஆனால் வளர்ந்து ஆளான பிள்ளை, "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று சொல்லித் திருப்பலிக்கு வருவதை நிறுத்திக்கொண்டால், அத்துயரைப் பெற்றோர் எவரிடமும் சொல்வதில்லை. "மகன் பெங்களூரில் வேலையாக இருக்கிறான்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் தம் வேதனை முழுவதையும் மறைத்துவைக்கும் தாய்மாரை நாம் அறிவோம். வேறு சமயத்தைத் தழுவியோ, வேறு சபையில் சேர்ந்தோ, எச்சமயமும் வேண்டாம் என்றோ பிள்ளைகள் விலகிச் சென்ற குடும்பங்கள் நம் பங்குகளில் இன்று அரியவை அல்ல. அப்பெற்றோருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

நாம் பணியாற்றிய பங்கொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். பல ஆண்டுகள் ஞாயிறுதோறும் சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டியவர். தம் மகன் கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டதாக அறிவித்த பின் அவர் வாசகம் வாசிக்க வருவதை நிறுத்தினார். பங்குப் பேரவையிலிருந்தும் விலகினார். தேடிச் சென்று கேட்டபோது, "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தேன், சாமி. என் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லையே" என்றார். மகனை இழந்த துயரினும் தாம் தோற்றுவிட்டோம் என்ற எண்ணமே அவரை அதிகமாய் வாட்டியது.

இவ்வெண்ணத்தையே முதலில் அகற்ற வேண்டும். விசுவாசம் இறைவனின் கொடை. அதற்கு மனிதர் தரும் மறுமொழி கட்டற்றது. சமயக் காரியத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7ஆம் நாள் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கையில் உறுதியாகக் கற்பித்தது. வீட்டையும் நிலத்தையும் போல் விசுவாசத்தைப் பிள்ளையின் பெயருக்கு எழுதிவைக்க இயலாது. பெற்றோர் விதைக்கலாம், நீர் பாய்ச்சலாம். முளைப்பதும் வளர்வதும் அவர்கள் கையில் இல்லை.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து நோக்குவோம். காணாமற்போன ஆட்டை ஆயன் தேடிச் செல்கிறான். தொலைந்த காசைப் பெண் விளக்கேற்றித் தேடுகிறாள். ஆனால் இளைய மகன் வெளியேறியபோது தந்தை அவனைப் பின்தொடர்ந்து ஓடவில்லை; ஆள் அனுப்பி இழுத்துவரவும் இல்லை. ஆட்டைத் தோளில் தூக்கி வரலாம், காசைக் குனிந்து எடுக்கலாம். மகனோ தானே எழுந்து நடந்து வர வேண்டியவன். அத்தந்தை செய்தது ஒன்றே: தொலைவில் வரும்போதே கண்டுகொள்ளும்படி வழிமேல் விழி வைத்திருந்தார். மகனை இவ்வாறு இழந்த அத்தந்தையைக் கெட்ட தந்தை என்று இயேசு சித்திரிக்கவில்லை என்பதையும் பெற்றோர் மனத்தில் கொள்வார்களாக.

இத்துயரை நன்கு அறிந்தவர் புனித மோனிக்கா. வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் 354ஆம் ஆண்டு பிறந்த அவருடைய மகன் அகுஸ்தின், 19 வயதளவில் மனிக்கேயர் கூட்டத்தில் சேர்ந்தார். அவருடைய பேச்சைப் பொறுக்க இயலாத தாய், மகனைத் தம் வீட்டிலும் பந்தியிலும் சேர்த்துக்கொள்ள மறுத்தார். பின்னர் கனவொன்றில் ஆறுதல் பெற்று, மீண்டும் தம்முடன் உண்டு உறைய அனுமதித்தார். அன்று மகன் மனம் மாறியிருக்கவில்லை. மாறியது தாயின் அணுகுமுறை. அதன்பின்னும் ஏறத்தாழ 9 ஆண்டுகள் அவர் மனிக்கேயரோடுதான் இருந்தார். அவருடன் வாதாடித் திருத்துமாறு தாய் ஓர் ஆயரை வேண்டியபோது, அவ்வாயர் மறுத்துவிட்டார்: அவர் இன்னும் கேட்கும் நிலையில் இல்லை, விட்டுவிடும், செபம் மட்டும் செய்யும் என்பதே அவரது அறிவுரை. 383ஆம் ஆண்டு தாயை ஏமாற்றிவிட்டு உரோமைக்குக் கப்பலேறிய அந்த மகன், 387ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் மிலான் நகரில் புனித அம்புரோசியாரின் கையால் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில் ஓஸ்தியா துறைமுக நகரில், 56 வயதில், மோனிக்கா இறைவனடி சேர்ந்தார்.

எல்லாத் தாய்மாரும் மோனிக்காவைப் போல் பலனைக் கண்ணால் கண்டு சாவதில்லை. இதை மறைத்துப் பொய்யான ஆறுதல் கூறுதல் தகாது. ஆயினும் பந்தியைத் திறந்தது பலன் தெரிந்த பின்பு அன்று. அதற்கு வெகு காலம் முன்பே. நாம் பின்பற்ற வேண்டிய பாடம் அதுவே.

ஆகவே, அன்புப் பெற்றோரே, விடுமுறைக்கு வரும் பிள்ளையின் முன் சாப்பாட்டு வேளையைப் பிரசங்க மேடை ஆக்காதீர்கள். ஏன் விலகினாய் என்று ஒருமுறை அமைதியாகக் கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கிடாதீர்கள். சிலர் படிப்பினால் எழுந்த ஐயங்களைச் சொல்வர். சிலரோ நம் கல்லறைத் தோட்டங்களில் கண்ட சாதிப் பிரிவினையையும், திருவிழா நாளில் எழுந்த சண்டையையும் சொல்வர். இறைமறுப்பு தோன்றுவதில் விசுவாசிகளின் வாழ்வுக்கும் பங்கு உண்டு என்று சங்கமே 1965இல் ஒப்புக்கொண்டது. அக்குற்றச்சாட்டு உண்மையாயிருப்பின் உண்மை என்று சொல்லுங்கள். குடும்பச் செபமாலையை வழக்கம்போல் சொல்லுங்கள். பிள்ளையைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், அவனுக்கு அஞ்சி நிறுத்தவும் வேண்டாம்.

பேரக் குழந்தைக்கு யாரும் அறியாமல் திருமுழுக்குக் கொடுத்துவிடலாமா என்று பாட்டிமார் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. பெற்றோருள் ஒருவராவது இசைய வேண்டும், குழந்தை கத்தோலிக்க நெறியில் வளரும் என்ற நல்ல நம்பிக்கை வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 868ஆம் எண்ணில் கூறுகிறது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டுமே விதிவிலக்கு. மறைவாகச் செய்வது வெளிப்படும் நாளில், பேரனைக் காணும் வழியும் அடைபடலாம். பாட்டியின் மடியும் கதையும் செபமும் குழந்தைக்குக் கிடைக்கட்டும். மற்றதை இறைவன் அறிவார்.

பங்குச் சமூகத்துக்கும் ஒரு கடமை உண்டு. "மகன் கோவிலுக்கு வருகிறானா?" என்று வாசலில் நிறுத்திக் கேட்பதைத் தவிர்ப்போம். "நன்றாக வளர்த்திருந்தால் இப்படி ஆகுமா?" என்ற பேச்சு நம் அன்பியங்களில் எழாதிருக்கட்டும். உவமையில் வரும் மூத்த மகனின் குரல் அது. ஆகஸ்டு 27, புனித மோனிக்காவின் திருநாள். அன்றைய திருப்பலியை இத்தகைய பெற்றோருக்காக, எவர் பெயரையும் குறிப்பிடாமல், ஒப்புக்கொடுத்தால் பல நெஞ்சங்கள் இளைப்பாறும்.

முன்னர்க் குறிப்பிட்ட ஆசிரியரை, மீண்டும் வாசகம் வாசிக்க வருமாறு நாம் வற்புறுத்தி அழைத்தோம். சில மாதங்களுக்குப் பின் வந்தார். ஞாயிறுதோறும் மகனுக்குத் தொலைபேசியில் பேசுகிறார். திருப்பலிக்குப் போனாயா என்று கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார். மகன் இன்னும் கோவிலுக்கு வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறான்.

திருமுழுக்கு ஆன்மாவில் பதிக்கும் முத்திரை அழியாதது என்பது நம் விசுவாசம். பிள்ளை இறைவனை மறந்தாலும் இறைவன் பிள்ளையை மறப்பதில்லை. அவர் காத்திருக்கையில், பெற்றோரைத் தனியே காத்திருக்க விடாதிருப்பதே நம் பணி.