உக்கிராணத்துக்கு யார்?

"அம்மா! உன் இரட்டை வடச் சங்கிலிக்கு ஆபத்து!" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் ஓடி வந்தாள் என் பெண். எண்ணெயில் கிடந்த அப்பளம் கருகிப்போயிற்று.

ஆபத்து திருடனால் அல்ல, என் வீட்டுக்காரரால்!

2023-ஆம் வருஷக் கடைசி அது. கம்பெனியில் இரவு பகலாகக் கம்ப்யூட்டர் சித்திரம் செய்து அலுத்துப்போன என் பெண், வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தொழில் தொடங்கத் தீர்மானித்திருந்தாள். இன்னும் கட்டாத அடுக்கு வீட்டைக் கட்டி முடித்தாற்போல் படமாகக் காட்டும் தொழில். முதல் வேலையும் கிடைத்துவிட்டது. முப்பது விநாடி ஓடும் படம்.

"பூ! முப்பது விநாடிதானே!" என்றேன்.

"விநாடிக்கு 24 வீதம் 720 படங்கள் அம்மா. ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம், நிழல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைய வேண்டும். ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தால் படத்துக்கு எட்டு நிமிஷம். மொத்தம் 96 மணி நேரம். இரண்டு இருந்தால் ஏறக்குறையப் பாதி."

ஆகவே ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் இரண்டு வந்தன. அவளுடைய சேமிப்பில் பெரும்பகுதி அவற்றோடு போயிற்று. பாக்கியிருந்தது, எந்தப் பிராஸஸர் வாங்குவது என்ற கேள்வி.

அவள் நினைத்திருந்தது 16 கோர் உள்ள ரைசன் 9 7950எக்ஸ். அறிமுக விலை 699 டாலர். ரிச்சி தெருக் கடைக்காரரோ, "24 கோர் திரெட்ரிப்பர் 7960எக்ஸ் போடுங்கள் சார், ராஜா மாதிரி!" என்று சொல்லிவிட்டார். அதன் அறிமுக விலை 1,499 டாலர். அதோடு போயிற்றா? அதற்கென்று தனி மதர்போர்டு, தனி ரக மெமரி வேறு!

"வாங்குவதே வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கிவிடுவோம். சங்கிலியைப் பாங்கில் வைத்தால் போச்சு!" என்றார் இவர். சங்கிலி யாருடையது என்பது அவருக்கு மறந்துவிட்டது.

அன்றிரவு, "எனக்குப் புரிகிற மாதிரி சொல்லடி" என்று பெண்ணைக் கேட்டேன்.

"உன் கல்யாணத்தில் உக்கிராண அறையில் யார் இருந்தார்கள்?"

"என் சித்தப்பா."

"அவர் சமைத்தாரா?"

"அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது! அரிசி, பருப்பு அளந்து கொடுப்பார். பிறகு அடுத்த வேளை வரைக்கும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்."

"பிராஸஸர்தான் உன் சித்தப்பா. கார்டுகள்தான் சமையற்காரர்கள்."

பழைய கம்ப்யூட்டரில் ஒரு படத்தை ஓடவிட்டுக் காட்டினாள். முதல் பத்து விநாடி பிராஸஸருக்கு ஓயாத வேலை; சாமான் எடுத்துக் கொடுக்கிறது. அதுவரை கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு கார்டு வேர்க்க விறுவிறுக்கச் சமைக்கிறது, சித்தப்பா விசிறிக்கொள்கிறார்! அந்தப் பத்து விநாடியில் பல வேலைகளுக்குக் கைகளின் எண்ணிக்கையைவிட வேகம்தான் முக்கியமாம். சின்னது 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், பெரியது 5.3 வரைதான்.

எனக்கும் ஒரு சந்தேகம் தோன்றியது. "சமையற்காரர் இருவர். உக்கிராணத்துக்குக் கதவு ஒன்றுதானே?"

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "அதுதான் அம்மா அசல் கேள்வி!"

அந்தக் கதவுக்குப் பி.சி.ஐ. லேன் என்று பெயர். சின்ன பிராஸஸரில் கார்டுகளுக்கென்று 16 லேன். அதை எட்டும் எட்டுமாகப் பிரித்துக் கொடுக்கும் மதர்போர்டாகப் பார்த்து வாங்க வேண்டும். எல்லா மதர்போர்டும் பிரிக்காது. சாமான் போவது படத்துக்கு ஒரு தடவைதான் என்பதால், கதவு பாதியானாலும் நஷ்டம் மிகச் சொற்பம்.

மறுநாள் இவரிடம் விளக்கினோம். "நாளைக்கே நாலு கார்டு வேண்டுமென்றால்?" என்று கேட்டார்.

"அப்போது கடைக்காரர் சொன்னதுதான் சரி அப்பா. நாலு பேருக்கு அந்தப் பெரிய கதவு வேண்டும். ஆனால் கார்டு ஒன்று 450 வாட், நாலுக்கு 1,800. இந்த அறையின் 6 ஆம்பியர் பிளக் 1,380 வாட்தான் தாங்கும். இரண்டுக்கே வெந்நீர் ஹீட்டரின் 16 ஆம்பியர் பிளக்கைத்தான் கேட்கப்போகிறேன்."

இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, "தனியாகத் தொழில் தொடங்குகிறாள். நாம் செய்ததில் குறை வந்துவிடக் கூடாதே என்றுதான்..." என்றார். ஜம்பம் என்று நான் நினைத்தது பயம் என்று அப்போதுதான் புரிந்தது. இருந்தாலும் விடவில்லை. "மூன்று பேருக்கென்று நீங்கள் வாங்கி வந்த ஐந்து லிட்டர் கிரைண்டர் பரண்மேல் சௌக்கியமாக இருக்கிறது!" என்றேன். அவரே சிரித்துவிட்டார்.

சின்ன பிராஸஸரே வந்தது. மிச்சப்பட்ட பணத்தில் 96 ஜி.பி. மெமரி போட்டாள். கார்டுகளில் தலைக்கு 24 ஜி.பி. உண்டு, ஆனால் இரண்டும் சேர்ந்து 48 ஆகிவிடாதாம். ஒவ்வொரு சமையற்காரருக்கும் முழுச் சாமானும் தனித்தனியே வேண்டுமாம். அதனால் உக்கிராணம் விசாலமாக இருப்பது நல்லது என்றாள்.

சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே படம் போய்ச் சேர்ந்தது. அந்த இரண்டு நாளும் எங்களுக்கு அடுப்பில்தான் வெந்நீர்!

இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும், "கோரைப் பார்த்து ஏமாறாதீர்கள், லேனைப் பாருங்கள்!" என்று உபதேசம் செய்கிறார் இவர். நான் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பேசாமல் காப்பி கலந்து கொடுக்கிறேன்.