நோயையும் நோயுற்றாரையும் கண்டவர்

நோய்க்கு நாம் இடும் பெயர் நோயுற்றவர் மீதும் ஒட்டிக்கொள்கிறது. எய்ட்ஸைத் தமிழ் ஏடுகள் பல ‘ஆட்கொல்லி நோய்’ என எழுதின. அச்சொல் விதைத்த அச்சத்தால் நோயுற்றவரை உறவும் ஊரும் ஒதுக்கின. அச்சத்திற்கு மாற்றாக நாம் கற்க வேண்டியது, சென்னை நுண்ணுயிரியல் அறிஞர் சுனிதி சாலமனின் வாழ்வு.

தோல் வணிகம் செய்த மராத்தியக் குடும்பத்தில் சென்னையில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகத் திகழ்ந்தார். 1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் அறியப்பட்டபோது, அது மேலைநாட்டு நோய், நம்மை அணுகாது என்றே இங்குப் பலரும் எண்ணினர். சுனிதியோ ஆராய்ந்தறிய விழைந்து, அப்பணியைத் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஒப்படைத்தார். காப்பகத்திலிருந்த பாலியல் தொழிலாளர் 80க்கும் மேற்பட்டோரின் குருதி மாதிரிகளை நிர்மலா திரட்டினார். 1986 பிப்ரவரியில் அவை பனிக்கட்டிப் பெட்டியில் இரவு ரயிலேறின. நம் ஆவடியைக் கடந்து செல்லும் இருப்புப்பாதை வழியே காட்பாடி சேர்ந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தன. 6 மாதிரிகளில் எச்.ஐ.வி. தொற்று தென்பட்டது, அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதனை உறுதி செய்தது. நாடு விழித்துக்கொண்டது.

கண்டறிந்ததோடு அவர் அமைந்துவிடவில்லை. 1993இல் தந்தையார் பெயரால் ஒய்.ஆர். கைத்தோண்டே மையத்தை நிறுவினார். பிறர் தொடவும் அஞ்சியவர்களுக்குச் சிகிச்சையும் ஆறுதலும் அளித்தார். எச்.ஐ.வி. உள்ளோர் தமக்குள் மணம் செய்துகொள்ளவும் துணைநின்றார். 2015 ஜூலை 28ஆம் நாள் மறைந்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

1996ஆம் ஆண்டளவில் வந்த கூட்டு மருந்துகளால் நிலை மாறியது. அவற்றை முறையாக உட்கொள்வோர் இன்று நெடுநாள் வாழ்கின்றனர். கைகுலுக்குவதாலோ உடன் உண்பதாலோ இந்நோய் பரவுவதில்லை. எனவே ‘ஆட்கொல்லி’ என்னும் சொல் இன்று உண்மையுமன்று, அறமுமன்று.

நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பதைச் சகோதரக் கடமைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தார்கள். அக்கடமைக்கு இன்ன நோய் என்னும் விலக்கில்லை. அவர் வீட்டுக்குச் செல்லும் கால்களைப் போலவே, அவரைக் குறிக்கும் சொல்லும் பரிவுடையதாதல் வேண்டும். ‘எச்.ஐ.வி. உள்ளவர்’ என்று எழுதுவோம். தமிழ் பயிலும் மாணவர் சுனிதி அம்மையாருக்குச் செய்யக்கூடிய நன்றி அதுவே.