இணக்கம் ஏற்பட்டது

2015 மே மாதம், கொல்லப்பட்ட புங்குடுதீவு மாணவிக்கு நீதி கேட்டு நடந்த ஊர்வலத்தில் நானும் நடந்தேன். பதாகையும் பிடித்தேன். பள்ளிக்கூடம் போன பிள்ளையைக் காணவில்லை என்று முறையிட்ட குடும்பத்தைப் பொலிஸ் அலட்சியம் செய்தது என்று ஊரே கொதித்திருந்த நேரம். யாழ்ப்பாண நீதிமன்றத்துக்குக் கல்லெறி விழுந்தது, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள், ஜனாதிபதியே வந்து போனார். மூன்று நீதிபதிகள் கொண்ட ‘ட்ரயல் அட் பார்’ 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. சந்தேகநபர் ஒருவர் தப்பிப்போக உதவியதற்காக, சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபராக இருந்த ஒருவருக்கே 2025இல் 4 வருடக் கடூழியச் சிறை கிடைத்தது. கனபேர் தெருவுக்கு இறங்கினால் அரசாங்கம் அசையும் என்று அன்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

அந்த மரண தண்டனைத் தீர்ப்பு வந்த அடுத்த வருடம், அடிபட்டு வந்த ஒரு பெண்ணை அவளுடைய புருஷனிடமே திருப்பி அனுப்பினேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், சொந்த ஊர் மண்டைதீவு. 1990 ஓகஸ்ட்டில் இராணுவம் தீவகத்துக்குள் இறங்கியபோது பிடித்துப்போன எங்கள் பிள்ளைகள் எங்கே, கிணறுகளுக்குள் கிடப்பது யார் என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிற ஊர். அரசாங்கம் என்றால் எங்களுக்குப் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் இருக்கிற யாரோதான். கேள்வி கேட்பது நாங்கள், பதில் சொல்லவேண்டியது அவர்கள். இந்தப் பழக்கத்தில் ஊறிப்போன எனக்கு, ஒரு மத்தியஸ்த சபையின் மேசைக்குப் பின்னால் இருந்தபோது நானும் அரசாங்கம்தான் என்பது உறைக்கவில்லை.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை இந்தச் சபைகள். கடன் கொடுக்கல் வாங்கல், வேலிச் சண்டை, வாய்த் தர்க்கம், சிறுகாயம் விளைவித்தல் போன்றவை நீதிமன்றத்துக்குப் போகமுன் இங்கே வரவேண்டும். சம்பளம் கிடையாது. அதனால் என்னைப்போல் பென்ஷன்காரர்தான் அதிகம். இணக்கம் வந்தால் ஒரு சான்றிதழ், வராவிட்டால் வேறொரு சான்றிதழ். இரண்டாவது கையில் இருந்தால்தான் வழக்கு மேலே போகும். வேலிச் சண்டைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் மனைவியை அடிப்பதும் சட்டத்தின் கண்ணில் சிறுகாயம்தான். பொலிஸ் ஒரு என்றியைப் போட்டுவிட்டு, ‘குடும்பப் பிரச்சினை, மத்தியஸ்தத்துக்குப் போங்கோ’ என்று அனுப்பிவிடும்.

அப்படித்தான் அவள் வந்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளை. ஆளைத் தெரிந்துவிடும் என்பதால் மற்ற விவரங்களை விடுகிறேன். தாய் வீட்டில் வந்து நின்றாள். கன்னத்தின் வீக்கம் வடிந்துவிட்டது, இடது கை மட்டும் சரியாக மடங்கவில்லை. புருஷன் என்னிடம் படித்தவன். அவனுடைய தகப்பனும் நானும் கோயில் நிர்வாகத்தில் ஒன்றாக இருந்தவர்கள். இந்த உறவைச் சொல்லி நான் அந்த விசாரணையில் இருந்து விலகியிருக்கவேண்டும். விலகவில்லை. என்னை விட்டால் இதை முடித்துவைக்க ஆளில்லை என்ற நினைப்பு.

“குடிச்சால்தான் சேர் அப்பிடி, இனிக் குடிக்கமாட்டன்” என்றான். எழுதினோம். அவள் வீட்டுக்குத் திரும்புவதாகவும் இனிப் பொலிசுக்குப் போவதில்லை என்றும் எழுதினோம். அப்போது அவள் கேட்டாள்: “குடிக்கமாட்டன் எண்டு எழுதிறார். அடிக்கமாட்டன் எண்டு ஏன் சேர் எழுதேல்லை?”

“அதுக்குள்ளை இதும் அடங்கும் பிள்ளை. ரெண்டு குஞ்சுகள் இருக்கு, கொஞ்சம் பொறுத்துப் போ” என்றேன். கையெழுத்து வைத்தாள். அவனுடைய தகப்பன் என் கையைப் பிடித்து, ‘குடும்பத்தைக் காப்பாத்திப்போட்டியள் மாஸ்டர்’ என்றார். உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தைக்காகத்தான் அத்தனையும் செய்தேன் போலிருக்கிறது. குடும்பத்தைப் பிரித்தவன் என்ற பெயர் வந்துவிடக்கூடாது என்ற பயமும் இருந்தது. அவள் வீட்டில் அன்றிரவு என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று தப்பவும் வழியில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எனக்குத் தெரியும். அவளோ, அவளுக்காக ஒரு பொலிஸ் உத்தியோகத்தரோ நேரே நீதவானிடம் போகலாம். 14 நாளைக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. அவனை அந்த வீட்டுக்குள் வராமலே தடுக்கலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. இதில் ஒன்றையாவது அவளுடைய காதில் போட எனக்கு ஐந்து நிமிடம் போதும். சொன்னால் இணக்கம் குழம்பிவிடும் என்பதால் சொல்லவில்லை. தொகைமதிப்புத் திணைக்களம் 2019இல் எடுத்த கணக்கின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவர் கையால் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர். அவர்களில் பலர் எங்கும் போய் முறையிடாதவர்கள். இவள் போனாள். பொலிசைத் தாண்டி என் மேசைவரை வந்தாள். அவளுக்கு அரசாங்கம் சொன்ன பதில் நான்.

அடுத்த வருடமே மற்றக் கையும் முறிந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே ஒரு தாதிதான் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நீதிமன்றத்தில் அவள் பாதுகாப்புக் கட்டளை கேட்டபோது, புருஷனுடைய சட்டத்தரணி எழுந்து, இது சுமுகமாகத் தீர்ந்த விடயம் என்று சொல்லி என் கையெழுத்திட்ட சான்றிதழை நீட்டியிருக்கிறார். நீதவான் அதைப் பொருட்படுத்தவில்லை, கட்டளை கிடைத்தது. இதெல்லாம் அவளுடைய தாய் என் மனைவிக்குச் சொல்லி எனக்குத் தெரிந்தவை. நீதிமன்றம் என்னையும் கூப்பிடுமோ என்று சில கிழமை பயந்துகொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. அப்பாடா என்றிருந்தது. அந்த ஆறுதலையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடம் போய் ஒரு வார்த்தை இன்னமும் சொல்லவில்லை.