சும்மாதாண்ணே இருந்தேன்

2001-லிருந்து நான்கு வருஷம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடிப்படிக்கு அடியில் டிடிபி சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பயோடேட்டா. இந்த மூன்றும்தான் சோறு போட்டன. மே, ஜூனில் கல்லூரி முடித்த பிள்ளைகள் படி வரைக்கும் நிற்பார்கள். ஒரு பக்கம் அடிக்கப் பத்து ரூபாய், பாண்ட் பேப்பர் தனி.

இப்போது சொன்னால் என்ன, என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஃபைல். பேரை மாற்றுவேன், அப்பா பேரை மாற்றுவேன், மார்க்கை மாற்றுவேன். மேலே இருக்கும் அப்ஜெக்டிவ் மட்டும் மாறாது. சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தோடு நானும் வளர வேண்டும் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி. கெமிஸ்ட்ரி படித்தவனும் பி.காம். படித்தவளும் அதே சவாலைத்தான் தேடினார்கள்.

ஒருநாள் அவசரத்தில் முந்தின ஆளின் அப்பா பேரை மாற்ற மறந்துவிட்டேன். இருபது ஜெராக்ஸ் எடுத்து, பாதியைத் தபாலில் சேர்த்த பிறகுதான் அந்தப் பையன் கவனித்திருக்கிறான். "அண்ணே, எங்கப்பாவையே மாத்திட்டீங்களே" என்று வந்து நின்றான். மேலே கண்டவை அனைத்தும் உண்மை என்று அடியில் கையெழுத்து வேறு போட்டிருந்தான். அன்றைக்கு அப்புறம்தான், அடிப்பதற்கு முன்னால் ஆளை உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்க ஆரம்பித்தேன்.

லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தைப் பிற்பாடு படித்தேன். தூக்கிப்போகிற பாலம் கட்டுவேன், அகழி நீரை வடிப்பேன், பீரங்கி செய்வேன் என்று போர்க்கால ஆட்சியாளருக்கு வேண்டியதையே அடுக்கிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார். தான் வளர வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. சொன்னதில் எத்தனையை அதுவரை செய்து பார்த்திருப்பாரோ, அது வேறு கதை. அதில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

போன மாதம் அக்கா மகள் தன் ரெஸ்யூமைப் போனில் அனுப்பினாள். இரண்டு பத்தி, பக்கவாட்டில் நீலப் பட்டை, வட்டத்துக்குள் போட்டோ. வந்து குவிகிற விண்ணப்பங்களைப் பல கம்பெனிகளில் முதலில் சாஃப்ட்வேர்தான் சலிக்கிறது. இந்த அலங்காரத்தில் அது வார்த்தைகளைத் தவறவிடலாம் என்றேன். எக்ஸல் தெரியும் என்பதற்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போட்டிருந்தாள். "அந்த அஞ்சாவது நட்சத்திரத்துல என்னடி இருக்கு?" என்றால் சிரிக்கிறாள். எக்ஸலில் என்ன செய்தாய், அதை எழுது என்றேன். அப்போதுதான் பேக்கரிக்காரர் மகன் ஞாபகத்துக்கு வந்தான்.

சேல்ஸ் ரெப் வேலைக்குப் பயோடேட்டா அடிக்க வந்தவன் அவன். படிப்பை முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"இந்த ஒரு வருஷம் என்னப்பா செஞ்சே?"

"சும்மாதாண்ணே இருந்தேன்."

"சும்மான்னா?"

"அப்பா பேக்கரில நின்னேன். விடியக்காலம் டிவிஎஸ் ஃபிஃப்டில கடை கடையா பன்னு, பிரெட் போடுவேன். சாயங்காலம் வசூல். ரிட்டர்ன் கணக்கு எழுதணும்."

"எத்தனை கடை?"

"ஒரு நாற்பது இருக்கும்."

அப்ஜெக்டிவை அழித்துவிட்டு அந்த இடத்தில் அடித்தேன்: ஓராண்டாகத் தினமும் 40 கடைகளுக்குச் சரக்கு விநியோகம், அன்றாட வசூல், திரும்பி வரும் சரக்கின் கணக்கு. பையன் முகம் சுண்டிவிட்டது.

"வேணாண்ணே. பன்னு வித்தவன்னு நினைப்பாங்க."

பன்னு என்று எங்கேயும் போடவில்லையே என்று திரையில் விரல் வைத்துக் காட்டினேன். அரை மனசோடு ஒரே ஒரு பிரிண்ட் வாங்கிக்கொண்டு போனான். ஜெராக்ஸ் எடுக்கவில்லை. இனி வேறு கடைக்குத்தான் போவான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நாற்பதில்ல, நாற்பத்திரெண்டு. ராத்திரி அப்பாவும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். மாத்தி அடிச்சுக் கொடுங்க."