நெல்லை ரகப் பெயரோடு விற்க வேண்டும்

போர்ச்சுகலில் நாட்டுத் திராட்சை ரகங்களே 250-க்கு மேல். பைராடா பகுதியில் பாகா திராட்சையின் துவர்ப்பான சிவப்பு ஒயினைக் கொழுப்பேறிய பன்றிக்குட்டி வறுவலோடு குடிக்கிறார்கள்; நாக்கில் படியும் கொழுப்பை அந்தத் துவர்ப்பு அறுத்துவிடும். இதே நுட்பம் நம் டெல்டாவில் அரிசிக்கு உண்டு. பிரியாணிக்குச் சீரகச் சம்பா, கஞ்சிக்குக் காட்டுயானம். மாப்பிள்ளைச் சம்பாவை வடித்து இரவே தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் நீராகாரம் லேசாகச் சிவந்திருக்கும், பருக்கை குலையாது; அதற்குச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயுமே பொருத்தம். ஆனால் கொள்முதல் நிலையத்தில் இருப்பது இரண்டே பெயர்: சன்ன ரகம், பொது ரகம்.

நாட்டு ரகம் மகசூல் தராது, காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்பார்கள். உண்மைதான், குட்டை ரகங்கள் பஞ்சம் போக்கியதையும் மறுக்க முடியாது. ஆனால் பாகாவும் தாமதமாகப் பழுத்து மழையில் அழுகும் ரகம்தான். ஊர்ப்பெயரும் ரகப்பெயரும் சேர்ந்து கிடைக்கும் விலையால்தான் அதை இன்னும் பயிரிடுகிறார்கள். ஒயினுக்காகத் தோரோ பள்ளத்தாக்குக்கு 1756-லேயே எல்லை வகுத்த நாடு போர்ச்சுகல். இங்கே விதையைக் காக்கும் வேலையை நெல் ஜெயராமன் செய்துவிட்டுப் போனார்: ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் விவசாயிகளுக்கு நாட்டு ரக விதை 2 கிலோ கொடுத்து, மறு வருடம் 4 கிலோவாகத் திரும்பப் பெற்றார். மூட்டையில் ரகப் பெயரையும் ஊரையும் அச்சிட்டு, அதற்கெனத் தனி விலை வைப்பது அரசின் வேலை.